ஒரே நடை

போடியில் வீடு மாற்றுகிறவர்கள் கெஞ்சினால் மற்ற வண்டிக்காரர்கள் வாடகையைக் குறைப்பார்கள். அவர் சாமானைக் குறைப்பார். சொன்ன வாடகையிலிருந்து பத்து ரூபாய் இறங்கமாட்டார். ஆனால் முதல்நாளே வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்படியிலிருந்து ஆரம்பிப்பார். "இது வரும். இது வரும். இது வராது." வராததன்மேல் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஒரு பெருக்கல் குறி போடுவார். மறுநாள் லோடு ஏற்ற வருகிற ஆட்கள் குறி போட்ட சாமானைத் தொடவே மாட்டார்கள். வீட்டுக்காரர்கள் என்ன கத்தினாலும் அது அங்கேயே கிடக்கும்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு குட்டியானை. எந்த வீடானாலும் அந்தச் சின்ன வண்டியில் ஒரே நடையில் போய்ச் சேரவேண்டும் என்பது அவர் சட்டம். இரண்டாவது நடை அடிக்கமாட்டார். அடித்தால் இன்னொரு வாடகை அவருக்குத்தான் கிடைக்கும். வருகிற காசை வேண்டாம் என்கிற ஆளைப் பாருங்கள் என்று வண்டி ஸ்டாண்டில் அவரைக் கேலி பேசுவார்கள். அவர் சொல்கிற காரணம் ஒன்றுதான். இரண்டாவது நடைக்கும் அதே வாடகை, அதே ஏற்றுகூலி, அதே இறக்குகூலி. வீடு மாறுகிறவன் கையில் அட்வான்ஸ் கொடுத்தது போக மிச்சம்தான் இருக்கும். அதையும் நான் வாங்கிக்கொண்டால் புது வீட்டில் அவன் எதைப் பொங்கித் தின்பான் என்று கேட்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. அம்மாவுக்கு அவர் வண்டிக்காரண்ணன். என் போனில் வெறும் 'வண்டி'.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் முப்பது வருஷத்துப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். அத்தனை கட்டின்மேலும் இவர் குறி போட்டுவிட்டார். வாத்தியார் அழுதே விட்டாராம். கல்நெஞ்சக்காரன் என்று தெருவே பேசியது. வாத்தியாரின் மனைவி மட்டும் மறுநாள் யாருக்கும் தெரியாமல் இவருக்கு ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினார். ஏலக்காய் வியாபாரி ஒருவர் புதுசாகக் கட்டிய பங்களாவுக்குக் குடிபோனபோதும் இவரைத்தான் கூப்பிட்டார். பத்து நடை வேண்டுமானாலும் அடி, காசுக்கு நான் ஆச்சு என்றவரிடம் போய், தேக்கு ஊஞ்சல் வராது என்று இவர் குறி போட்டிருக்கிறார். வியாபாரி இவரை அனுப்பிவிட்டு லாரி பிடித்தார். அந்த ஒரு நாளில் ஒரு மாதச் சம்பாத்தியம் போயிற்று. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பழகிப்போச்சு என்றார். எதைப் பார்த்தாலும் அதன் தூக்குகூலிதான் முதலில் கண்ணில் படுகிறதாம். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட கண்ணோடு வீட்டுக்குள் வருகிறவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

நாங்கள் அவரை முதன்முதலில் பார்த்தது மலையில். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அப்பாவும் அம்மாவும் முப்பத்தொரு வருஷம் இருந்தார்கள். அப்பாவுக்கு வேலைக் காலம் முடிந்தது. லயத்து வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுத்தால்தான் அவருக்கு வரவேண்டிய பணம் வரும். அது ஆடி மாதம். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், வண்டிகள் சும்மா நிற்கும், வாடகையும் சல்லிசு. ஆபீசில் சாவி கேட்கிறவர்களுக்கு ஆடியும் தையும் ஒன்றுதான். அம்மாவுக்கு மட்டும் ஆடியில் குடிபோவது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

லயம்வரை குட்டியானை வராது. லயத்திலிருந்து தார் ரோடுவரை ஜீப்பு, அங்கிருந்து வண்டி. அவர் மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்தார். அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாமானை நாமே ஏற்றினாலும், சுமைக்காரர்கள் நின்று பார்த்ததற்கு ஒரு கூலி கேட்பார்கள். நோக்குகூலி என்று பெயர். அதைச் சொல்லி அவர் சிரித்தார். தான் வீடு வீடாகப் பார்த்ததற்கெல்லாம் கூலி வாங்கியிருந்தால் இந்நேரம் மாடி வீடு கட்டியிருக்கலாமாம். அம்மா சாமான்களைச் சாதனம் என்றுதான் சொல்வாள்; மலையில் இருந்து இருந்து ஒட்டிக்கொண்ட மலையாளம். "சாதனமெல்லாம் பாருங்கண்ணே" என்றாள். அவர் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த விறகு வராது. கம்பளிகள் இரண்டு போதும், போடி வெயிலில் அதுவும் எதற்கு. கோழிக்கூடு வராது. கடைசியில் உள் அறைக்கு வந்து பீரோவின் முன்னால் நின்றார்.

பச்சை நிற இரும்பு பீரோ. அம்மா தன் வாழ்க்கையில் தன் காசில் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். மூன்று வருஷம் காய் எடுப்புக் காலத்தில் கூடுதல் எடை எடுத்துச் சேர்த்த காசு. போடிக் கடையில் ஐயாயிரத்து ஐந்நூறு. உரம் ஏற்றி வந்த தோட்டத்து லாரியில் ஓசியில் மேலே வந்தது. உள்ளே அப்படியொன்றும் பெரிதாக இல்லை. நாலைந்து நல்ல சேலை, என் சர்ட்டிபிகேட், அப்பாவின் கடிதங்கள். சாவி எப்போதும் அம்மாவின் இடுப்பில் இருக்கும். லயத்தில் மற்ற வீடுகளில் டிரங்குப் பெட்டிதான். பீரோ இருக்கிற வீடு என்று எங்கள் வீட்டைச் சொல்வார்கள்.

அவர் கையை விரித்துச் சாண் போட்டார். டேப் வைத்துக்கொள்ள மாட்டார்.

"இது வராது ஆத்தா. ஜீப்புல ஏத்த நாலு ஆளு, வண்டியில பாதி எடம், அங்க மாடிப்படி வளைவுல திரும்பாது, கயிறு கட்டித்தான் மேல தூக்கணும். எல்லாம் தனிக்கூலி. வித்துருங்க."

பீரோவில் குறியும் போட்டுவிட்டார். அம்மா முந்தானையால் அதை அழித்தாள். பிறகு அவள் செய்ததை அவர் எதிர்பார்க்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். தானும் அப்பாவும் படுக்கிற கட்டிலில் ஒரு குறி. ஆட்டுக்கல்லில் ஒன்று. இரண்டு நாற்காலியில், பெரிய அண்டாவில், எனக்குச் சின்ன வயதில் வாங்கிய மேசையில். வீடு முழுக்கக் குறி போட்டுவிட்டு வந்து சாக்பீஸை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப வருமாண்ணே?"

வரும் என்றுதான் அவர் சொல்லவேண்டியிருந்தது. புது வீட்டில் முதல் ராத்திரி வெறுந்தரையில் படுத்தபோது அப்பா, மேசையையாவது கொண்டுவந்திருக்கலாம் என்றார்.

வண்டிக்காரர் வேலையில் ஒரு குறை சொல்லமுடியாது. மலையில் கொட்டிய மழையில் ஒரு சொட்டு சாமானில் படாதபடி தார்ப்பாய் கட்டியிருந்தார். அம்மா உப்பு, மஞ்சள், குடத்துத் தண்ணீர் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மெட்டைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க ஆரம்பித்ததும் மழை நின்றது. கீழே போடியில் காய்ந்த காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. நனைந்த தார்ப்பாய் வீடு போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிட்டது. பீரோவைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அம்மா மட்டும் பார்க்கமாட்டேன் என்று உள்ளே போய் நின்றுகொண்டாள்.

இறக்குகிற வீட்டு வாசலை அவர் முந்தின நாளே போய்ச் சாண் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதுவும் அவர் சட்டங்களில் ஒன்று. ஏற்றுகிற வாசல் எப்படியும் விட்டுவிடும், ஏனென்றால் ஒருநாள் அந்த வழியாகத்தான் சாமான் உள்ளே வந்திருக்கும். இறக்குகிற வாசலைத்தான் பார்க்கவேண்டும் என்பார். இப்படிப் பார்த்துப் பார்த்து, அவர் கணக்கு ஒரு விரல்கடைகூடத் தப்பியதில்லை.

அந்த வீட்டில் இரண்டு வருஷம். வாடகையை ஏற்றினார்கள். அதே தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டுக்கு மாறினோம். மறுபடியும் அவர்தான். மறுபடியும் பீரோ வராது என்றார், மறுபடியும் அம்மா வேறு எதையோ விட்டுக்கொடுத்து அதைக் கொண்டுவந்தாள். கயிறு கட்டி இறக்கியதற்குத் தனிக்கூலி. அப்பாவின் பணம் என் கல்யாணத்துக்குப் போனது. நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டேன். அதன்பிறகு அவர்கள் ஓர் அறை வீட்டுக்கு மாறினார்கள். மூன்றாவது முறையாக அவர் வந்து சாண் போட்டுவிட்டு, இந்த பீரோவை இதுவரை தூக்கின கூலிக்கு இன்னொரு பீரோ வாங்கியிருக்கலாம் ஆத்தா என்று சொல்லியிருக்கிறார். அம்மா அன்றைக்கு அவருக்கு டீ கொடுக்கவில்லை. போனில் என்னிடம் அரைமணி நேரம் அவரைத் திட்டித் தீர்த்தாள். எனக்கும் அவர்மேல் கோபம்தான். உண்மையைச் சொல்கிறவருக்கு வாய் கொஞ்சம் சும்மா இருந்தால் என்ன என்று தோன்றியது.

எங்கள் வீடு தேய்ந்துகொண்டே போனதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் அவர். முதல் முறை பாதியை மலையில் விட்டுவிட்டும் வண்டி நிறைந்து வழிந்தது. இரண்டாவது முறை விளிம்பு மட்டத்துக்கு இருந்தது. மூன்றாவது முறை தார்ப்பாய் கட்டத் தேவைப்படவில்லை.

நாலாவது முறைக்கு நான் ஊரிலிருந்து வந்திருந்தேன். அப்பாவுக்கு ராசிங்காபுரத்தில் ஒரு தென்னந்தோப்பில் காவல் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் கொஞ்சம், தங்கிக்கொள்ள ரூம் சும்மா. வேலைக்குக் கொடுத்த வீட்டிலிருந்து கிளம்பிய மனுஷன், வேலைக்குக் கொடுக்கிற வீட்டுக்கே திரும்பிப் போனார். அறுபத்தாறு வயது. வண்டிக்காரர் வந்தார். செருப்பை விட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்படியிலிருந்து ஆரம்பித்தார். ஒரு கேஸ் அடுப்பு, நாலு பாத்திரம், இரண்டு பாய், ஒரு டேபிள் ஃபேன். ஒரு சுற்று முடிவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சாக்பீஸ் பையிலேயே இருந்தது. குறி போடுவதற்கு எதையாவது தேடுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பீரோவில் அப்போது அவளது இரண்டு சேலையும் ரேஷன் கார்டும் மட்டும்தான் இருந்தன.

"பீரோ வராதுண்ணே" என்றாள் அம்மா. "இங்கனயே யாருக்காச்சும் குடுத்துருங்க. என்ன கெடைக்குதோ கெடைக்கட்டும்."

பல வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததை அம்மா ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டாள். அவர் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். அவர் பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பச்சை மங்கிப்போயிருந்தது. முதல் மாடியில் கயிறு உரசிய தடம் பக்கவாட்டில் இருந்தது. அப்பா சட்டைப் பையில் பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வரும் ஆத்தா" என்றார் அவர். "வண்டி காலியாத்தான போகுது. எல்லாம் வரும்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. சட்டென்று எழுந்து போய் அவருக்கு டீ போட்டாள். அவரும், அப்பாவும், லோடு ஏற்ற வந்த இரண்டு பேரும் பீரோவை ஏற்றினார்கள். முடிந்தவுடன் வழக்கம்போல அவர் மட்டும் காலி வீட்டுக்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

அந்தத் தோப்பு ரூமை அவர் முன்னால் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. வாசலைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வாடகை பேசுவது வழக்கம். அன்று அவர் வாடகையே பேசவில்லை.

அது ஒரு பழைய மோட்டார் ரூம். மோட்டாரைக் கழற்றிவிட்டிருந்தார்கள், அது உட்கார்ந்திருந்த சிமெண்ட் மேடை நடுவில் அப்படியே இருந்தது. மேலே தகரம், கை தூக்கினால் இடிக்கும் உயரத்தில். அவர் வண்டியிலிருந்து இறங்கி வாசலுக்குப் போய்ச் சாண் போட்டார். உள்ளே போய் மேடையைச் சாண் போட்டார். திரும்ப வந்து பீரோவை ஒருமுறை சாண் போட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் நாலு பேரும் முயன்றார்கள். படுக்கவைத்து நுழைத்தால் மேடை தடுத்தது. தூக்கி நிமிர்த்தினால் தகரம் இடித்தது. முக்கால்மணி நேரம். லோடு ஆட்கள் அடுத்த சோலிக்குப் போகவேண்டும் என்று வெரசா முடிக்கச் சொன்னார்கள். கடைசியில் பீரோவை ரூமுக்கு வெளியே, தென்னை மரத்தடியில் நிறுத்தினார்கள். அதன் மேல் கீற்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாக்காமச் சொல்லிட்டேன் ஆத்தா" என்றார்.

அம்மா, பரவாயில்லை அண்ணே, அதற்கென்ன என்று சொன்னாள். நிஜமாகவே சாதாரணமாகத்தான் சொன்னாள். திரும்பக் கொண்டுபோய் எங்கேயாவது வைக்கலாமென்றால் எங்கே வைப்பது? எங்களுக்குப் பழைய வீடும் இல்லை. அவர் வண்டியில் மடித்து வைத்திருந்த தார்ப்பாயை எடுத்தார். அந்த வருஷம்தான் வாங்கிய புதுத் தார்ப்பாய். பீரோவைச் சுற்றிப் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். அப்பா நீட்டிய பணத்தை அவர் பார்க்கவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாதம் ஒருமுறையாவது அவர் அந்தப் பக்கம் வந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போவார் என்று அப்பா சொன்னார். பொங்கலுக்கு நான் போயிருந்தபோது வந்தார். ஆள் வற்றிப்போயிருந்தார். பெரிய கம்பெனிக்காரர்கள் அட்டைப்பெட்டியும் ஆட்களுமாக வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், இவரை யாரும் கூப்பிடுவதில்லை. தார்ப்பாயைப் புதுசாகக் கட்டிமுடித்துவிட்டு, பீரோவின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார். அம்மா உள்ளே இருந்தாள்.

"வராதுன்னு சொன்னப்பெல்லாம் எல்லாரும் என்னயத் திட்டுனாங்க பாப்பா. உங்க ஆத்தா டீகூடக் குடுக்கல. அது சரி, நியாயம். வரும்னு ஒரே ஒருவாட்டி சொன்னேன். அதுக்கு ஒருத்தரும் ஒரு வார்த்த திட்டல பாரு. அதான் தாங்கல."

நான் அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கவேண்டும். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

போன மாசி மாதம் அப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் முடிந்ததும் ரூமைக் காலிசெய்து தரச் சொன்னார்கள். காவலுக்கு வேறு ஆள் வரவேண்டும் இல்லையா? அம்மாவை என்னோடு கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. முதலில் 'வண்டி'க்குத்தான் போன் அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஸ்டாண்டில் விசாரித்தால், வண்டியை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் தன் வீட்டைக் காலிசெய்தபோது எதையெல்லாம் வராது என்று சொன்னாரோ.

கம்பெனிக்காரர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள். வீடியோவில் சாமான்களைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். தார்ப்பாயைத் தூக்கி பீரோவையும் காட்டினேன். அடியில் துரு ஏறியிருந்தது, கதவு மட்டும் இன்னும் நன்றாக மூடியது. அந்தப் பெண் கணக்குப் போட்டுச் சொன்னாள். பீரோவோடு என்றால் பெரிய வண்டி, இரண்டு ஆள் கூடுதல், லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி, எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம். பீரோ இல்லையென்றால் வண்டியே வேண்டாம் மேடம், ஆம்னி பஸ்சில் பார்சல் போட்டுவிடலாம் என்றாள். நல்ல பெண்தான். அவளுக்குக் கிடைக்கிற காசை வேண்டாம் என்றுதானே சொன்னாள்.

திருப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் பீரோ நுழையும். படி வளைவிலும் திரும்பும். அம்மாவைக் கூட்டிப்போகக் கிளம்பிய அன்றே நான் சாண் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். உள்ளே வைக்க இடமும் இருக்கிறது. பதினெட்டாயிரம்தான் இல்லை. என் கணவருக்கு இரண்டு மாதமாகக் கம்பெனியில் பாதி நாள்தான் வேலை.

அம்மா என் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"பீரோ வராதும்மா."

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். இரண்டு சேலையையும் ரேஷன் கார்டையும் எடுத்துப் பையில் வைத்தாள். பூட்டவில்லை. சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டாள். பிறகு தார்ப்பாயின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். இறுகிப்போயிருந்த முடிச்சுகள், வெகுநேரம் ஆயிற்று. தார்ப்பாயைத் தரையில் விரித்து, தென்னம்பூவைத் தட்டிவிட்டு, நாலாக மடித்தாள். ஓரங்களில் கிழிந்திருந்தது.

"அண்ணனோடது" என்றாள். "என்னிக்காச்சும் வந்தா திருப்பிக் குடுக்கணும். இது வருமா?"

வரும் என்றேன். அவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.